மாற்றியமைத்த கார்களும் காப்புறுதிப் படிவத்தின் அந்த ஒரு கேள்வியும்

3 மார்ச் 2025, மாலை. கேள்வி கேட்டவர்: புக்கிட் மெர்தாஜாம் உறுப்பினர்

என்னிடம் 2012ஆம் ஆண்டு மைவி 1.5 கார் இருக்கிறது. சஸ்பென்ஷனைத் தாழ்த்தியிருக்கிறேன்; ரிம்மும் எக்ஸாஸ்ட்டும் மாற்றியிருக்கிறேன். மோடிஃபை செய்த காருக்கு எந்த நிறுவனமும் ஒரு சென்கூடக் கொடுக்காது, ஆகவே எதையும் சொல்லாமல் புதுப்பித்துவிடுங்கள், விபத்து நடந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் காப்புறுதி முகவர். கொடுக்கவே மாட்டார்கள் என்றால் நான் எதற்கு முழுக் காப்புறுதிக்குப் பணம் கட்ட வேண்டும்? மூன்றாம் தரப்புக் காப்புறுதியே போதும் என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு. இதுவும் இனி வருபவையும் என் பதில்கள்

உங்கள் முகவரின் பேச்சில் முதல் பாதி தவறானது, இரண்டாம் பாதி ஆபத்தானது. ஒரே காப்புறுதி ஆவணத்துக்குள் இரண்டு வெவ்வேறு பொறுப்புகள் இருக்கின்றன. அவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே, அதாவது நம் காரால் பிறருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை. வாகனத்தின் நிலை, குதிரைத்திறன், மதிப்பு போன்றவற்றைக் காட்டி நிறுவனம் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று அதே சட்டத்தின் 95ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் சஸ்பென்ஷனைத் தாழ்த்திய ஒரே காரணத்தால், உங்கள் காரில் அடிபட்ட மோட்டார் சைக்கிளோட்டிக்கு இழப்பீடு இல்லை என்று ஆகிவிடாது.

சிக்கல் வருவது நம் சொந்தக் காரின் சேதத்துக்கு நாம் கோரும்போதுதான். அதுவும் ‘மாற்றினாய், ஆகவே கிடையாது’ என்ற அளவுக்கு எளிமையானதன்று. நிறுவனம் கேட்டதா, நாம் என்ன பதில் சொன்னோம், உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்ற மூன்றையும் பார்த்த பிறகே விடை கிடைக்கும்.

மூன்றாம் தரப்புக்கு மாறுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். கார் திருடு போனாலும் தீப்பிடித்தாலும் உங்கள் கைக்கு எதுவும் வராது. ரிம் மாற்றிய மைவி யார் கண்ணில் படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4 மார்ச்

என் அனுபவத்தைக் கேட்டு இருவர் எழுதியிருக்கிறார்கள். என்னுடையது 2003ஆம் ஆண்டு வீரா 1.6 கார். அதன் பழைய 4ஜி92 எஞ்சினை எடுத்துவிட்டு, பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஒரு ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய கார்களை விற்கும் கடை) வாங்கிய 4ஜி93ஐ வைத்தேன். கடைக்காரரிடம் ரசீதும் சுங்கப் பத்திரத்தின் நகலும் கேட்டபோது, இதையெல்லாம் யார் கேட்கிறார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்தக் காகிதங்கள் இல்லாமல் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் ஒரு படிகூட ஏறியிருக்க முடியாது. ஜேபிஜே ஒப்புதல், புஸ்பகோம் நிலையத்தில் வாகனப் பரிசோதனை, அதன் பிறகு கிரானில் (வாகனப் பதிவுப் பத்திரத்தில்) புதிய எஞ்சின் எண், புதிய சிசி. சாலை வரி 90 ரிங்கிட்டிலிருந்து 297 ரிங்கிட்டாக உயர்ந்தது. 1,834 சிசி எஞ்சினுக்கு அரசாங்கம் போட்டிருக்கும் கணக்கு அது, அதில் எனக்கு மனக்குறை இல்லை.

மனக்குறை காப்புறுதியில்தான். ஜேபிஜே ஏற்றுக்கொண்டு, புஸ்பகோம் சோதித்து, கிரானில் அச்சாகிவிட்ட ஒரு மாற்றத்துக்கு, காப்புறுதிப் படிவத்தின் ‘வாகனம் மாற்றியமைக்கப்பட்டதா?’ என்ற கேள்வியில் ‘ஆமாம்’ என்று குறியிட்டால் மட்டும் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. அழைத்த நிறுவனங்களில் பல, மாற்றியமைத்த வாகனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மறுத்துவிட்டன. சில திரும்ப அழைப்பதாகச் சொல்லி அழைக்கவே இல்லை. அன்று எனக்கிருந்த முகவர் சொன்னது இது: “அண்ணே, ‘இல்லை’ன்னு போட்டாதான் சிஸ்டம் கவர் நோட்டை வெளியே தள்ளும். ‘ஆமாம்’னு போட்டா தலைமையகத்துக்குப் போயிடும், அப்புறம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது.” நான் தலைமையகத்துக்கே போகட்டும் என்றேன். சாலை வரி முடிந்துபோய், பதில் வரும்வரை கார் வீட்டு வாசலிலேயே நின்றது. வீட்டில் அதைப் பற்றி வந்த கருத்துகளை இங்கே எழுத இயலாது.

4 மார்ச், சற்று நேரம் கழித்து

ஒரு கணக்கையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பிரீமியத்தை மிச்சப்படுத்தத்தான் எல்லாரும் மறைக்கிறார்கள் என்று ஈப்போ உறுப்பினர் எழுதியிருக்கிறார். 2017ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா திறந்துவிட்டது; மூன்றாம் தரப்புக்கு மட்டும் பழைய கட்டணப் பட்டியல் நீடிக்கிறது. தீபகற்பத்தில் 1,401 முதல் 1,650 சிசி வரை ஆண்டுக்கு 135 ரிங்கிட், 1,651 முதல் 2,200 சிசி வரை 151 ரிங்கிட் 20 சென். என் எஞ்சின் மாற்றத்தால் அந்தப் பட்டியலில் உயர்ந்த தொகை 16 ரிங்கிட் 20 சென், அதிலும் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான என்சிடி கழிவு உண்டு. இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிட்டால் இலையிலேயே தீர்ந்துவிடும் பணம்.

5 மார்ச்

ஸ்டிக்கர் ஒட்டுவது மாற்றமா என்று கேட்டவருக்கு: ஸ்டிக்கரால் குதிரைத்திறன் கூடுகிறது என்பதைக் காப்புறுதி நிறுவனங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நிம்மதியாக ஒட்டுங்கள்.

கார் முழுவதும் நிறத்தையே மாற்றினால் அது வேறு கதை. நிறம் ஜேபிஜே பதிவில் இருக்கிறது. அதைத் தெரிவித்தாக வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாளுக்கு 2019 மே மாதம் முதல் உள்ள விதி: முன் கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையும், முன்பக்கப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் விட வேண்டும், பின்பக்கத்துக்கு வரம்பில்லை.

8 மார்ச்

கிள்ளான் உறுப்பினர் ஒரு நல்ல வாதத்தை முன்வைத்திருக்கிறார்: இணையத்தில் புதுப்பிக்கும்போது தம்மிடம் எந்தக் கேள்வியும் கேட்கப்படுவதில்லை, கார் எண்ணைத் தட்டினால் விலை வந்துவிடுகிறது, ஆகவே தாம் எதையும் மறைக்கவில்லை என்கிறார். சிரிக்க வேண்டாம், இதில் சட்டம் ஓரளவு அவர் பக்கம் இருக்கிறது.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9ஆவது அட்டவணையை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். தொழிலுக்கு அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்குக் காப்புறுதி எடுக்கும் தனிமனிதர், தாமாக எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. கேட்கப்படும் கேள்விக்குத் தவறான தகவல் தராமலிருக்க நியாயமான கவனம் எடுத்தால் போதும். தமக்கு முக்கியமானதைக் குறிப்பாகக் கேட்பது நிறுவனத்தின் வேலை. புதுப்பிக்கும்போதும் அவர்கள் மீண்டும் கேட்க வேண்டும், அல்லது முன்பு நாம் சொன்னதை நம்மிடம் காட்டி உறுதிப்படுத்தச் சொல்ல வேண்டும்.

தவறான பதிலுக்கும் ஒரே தண்டனை கிடையாது. வேண்டுமென்றே அல்லது பொறுப்பின்றிச் சொன்னதாக நிறுவனம் நிரூபித்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்து கோரிக்கையை மறுக்கலாம். கவனக்குறைவால் நேர்ந்திருந்தால், உண்மை தெரிந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று பார்க்க வேண்டும். கூடுதல் பிரீமியம் வாங்கியிருப்பார்கள் என்றால் இழப்பீட்டை அந்த விகிதத்தில் குறைக்கலாம்: 800 ரிங்கிட் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 600 வாங்கியிருந்தால், 8,000 ரிங்கிட் கோரிக்கைக்கு 6,000 கிடைக்கும். காப்புறுதியே கொடுத்திருக்க மாட்டார்கள் என்றால்தான் முழுவதும் போகும். எக்ஸாஸ்ட் மாற்றியவரையும் டர்போ பொருத்தியவரையும் ஒரே தட்டில் வைத்து ‘ஒரு சென்கூடக் கிடைக்காது’ என்று மிரட்டுவது அதனால்தான் தவறு.

கிள்ளான் நண்பர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விலை வந்த பிறகு, ‘அறிவிப்புகளை ஏற்கிறேன்’ என்ற சிறிய கட்டத்தைத் தட்டித்தான் பணம் கட்டியிருப்பீர்கள். அதைத் திறந்து பாருங்கள். வாகனம் மாற்றியமைக்கப்படவில்லை என்ற வரி பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது. அப்படி ஒரு பொதுவான வரி, குறிப்பான கேள்விக்கு ஈடாகுமா என்று வாதாடலாம்தான். கார் பட்டறையில் கிடக்கும்போது வாதாட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

9 மார்ச்

முகவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே அட்டவணையின்படி, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்கே தெரிந்ததாகக் கருதப்படும். காரைக் கண்ணால் பார்த்த முகவர் தாமாக ‘இல்லை’ என்று குறியிட்டால், அந்தச் சுமை உங்கள் தலையில் மட்டும் ஏறாது. ஆனால் முகவரும் நாமும் சேர்ந்து மறைத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. புக்கிட் மெர்தாஜாம் நண்பரே, ‘சொல்லாதீர்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதி, நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தால், அந்த உரையாடல் உங்களுக்குச் சாட்சி அன்று, உங்களுக்கு எதிரான சாட்சி.

12 மார்ச்

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர் உண்மையில் என்ன பார்ப்பார் என்று சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர் கேட்கிறார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2016இல், பினாங்கின் பத்து ஃபெரிங்கியைத் தாண்டித் தெலுக் பஹாங் போகும் வளைவில், மழையில் கார் வழுக்கி இடதுபக்க வடிகால் சுவரில் இடித்தது. வேறு வாகனம் எதுவும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்தேன். கார் நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டறைக்குப் போனது. அட்ஜஸ்டர் வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். சேதமான முன்பக்கத்தை அவர் சீக்கிரம் முடித்துவிட்டார். பிறகு பானெட்டைத் திறந்து, பட்டறைப் பையனிடம் ஒரு பழந்துணி வாங்கி, கைப்பேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, எஞ்சின் பிளாக்கில் படிந்திருந்த எண்ணெய்க் கசடைத் துடைத்தார். 4ஜி93 என்ற எழுத்து தெரிந்ததும் படம் எடுத்தார். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தகட்டையும் படம் எடுத்தார். ஸ்பிரிங்குகளின் நிறத்தைக் குனிந்து பார்த்தார், டயரின் அளவைப் படித்து எழுதிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த கடிதம், அறிவிக்கப்படாத எஞ்சின் மாற்றம் காரணமாகக் கோரிக்கை ஆய்வில் உள்ளது என்றது. அறிவித்து, அதற்கான எண்டோர்ஸ்மெண்ட், அதாவது காப்புறுதி ஆவணத்தில் சேர்க்கும் திருத்தக் குறிப்பு, என் கோப்பில் இருந்தது! கோரிக்கைப் பிரிவின் திரையில் அது தெரியவில்லையாம். எண்டோர்ஸ்மெண்ட், கிரான், புஸ்பகோம் அறிக்கை மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிய பிறகு, மன்னிப்பு எதுவும் இல்லாமல் ஒப்புதல் மட்டும் வந்தது. தொலைபேசியில் ‘சரி சார், குறித்துக்கொண்டேன்’ என்று சொன்ன வாய்மொழியை மட்டும் நம்பி இருந்திருந்தால் அந்தக் கோரிக்கை அங்கேயே நின்றிருக்கும்.

ஒப்புதலுக்குப் பிறகும் முழுத் தொகை வராது என்பதை நினைவில் வையுங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டிய காருக்குப் பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் போட்டால், அதன் விலையில் 40 விழுக்காட்டை நாம் ஏற்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காட்டில் தொடங்கும் கணக்கு அது. 4,000 ரிங்கிட் பாகத்துக்கு 1,600 நம் பை. இதற்கும் மாற்றியமைத்ததற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பலர் இதைப் பார்த்துவிட்டு, மோடிஃபை செய்ததால் வெட்டிவிட்டார்கள் என்று ஜுரு ஆட்டோ சிட்டியில் கார் ஆர்வலர்கள் கூடும் சந்திப்பில் கதை பரப்புகிறார்கள்.

13 மார்ச்

முதல் நாள் எழுதிய 95ஆவது பிரிவைப் பற்றி ஒரு மறுயோசனை. அதைப் படித்துவிட்டு இருவர் நிம்மதியாகி விட்டதாக எழுதியிருக்கிறார்கள். அந்த நிம்மதி எனக்குக் கவலை தருகிறது. அந்தப் பிரிவு காப்பது அடிபட்டவரை, நம்மை அன்று. அந்தப் பிரிவின் காரணமாக மட்டுமே கொடுக்க நேர்ந்த தொகையை நிறுவனம் பிறகு நம்மிடமிருந்தே வசூலிக்கலாம். முக்கியமான உண்மையை மறைத்தோம் என்பதைக் காட்டி, 96ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கக் கோரும் வழியும் இருக்கிறது. உடற்காய வழக்கின் தொகை எங்கே போய் நிற்கும் என்று யோசித்தால், ரிம் விலை எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

17 மார்ச்

ரிம், ஒலி அமைப்பு, பக்கெட் இருக்கை பற்றி. காருடன் தொழிற்சாலையில் வராத பொருள்களைத் தனியாக அறிவித்துச் சேர்க்காவிட்டால் அவற்றுக்கு இழப்பீடு கிடையாது. அதற்கென்று 97ஆம் எண் எண்டோர்ஸ்மெண்ட் இருக்கிறது. எனக்குச் சொல்லப்பட்ட விலை பொருளின் மதிப்பில் 15 விழுக்காடு, முன் கண்ணாடிக்கு வாங்கும் அதே வீதம். 5,000 ரிங்கிட் மதிப்புள்ள ரிம்முக்கும் ஸ்பீக்கருக்கும் ஆண்டுக்கு 750 ரிங்கிட். நான் எடுக்கவில்லை. ரிம் போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் ரிம் மாற்றியிருப்பதை அறிவிப்பில் எழுதினேன். பொருளுக்குக் காப்பு வாங்குவதும், மாற்றத்தைத் தெரிவிப்பதும் இரண்டு வேறு காரியங்கள். கண்ணாடிக்குக் காப்பு எடுப்பவர்கள் கறுப்புத் தாளின் விலையையும் தொகையில் சேர்த்துக் கேளுங்கள்.

பிறர் வந்து நம் காரை இடித்தால் நிலைமை வேறு. அவருடைய நிறுவனத்திடம் நாம் கோரும்போது, நாம் அவர்களின் வாடிக்கையாளர் அல்லர். அவர்களுடைய படிவத்தில் நாம் எதற்கும் பதில் சொல்லவில்லை. ‘உங்கள் கார் மோடிஃபை செய்தது’ என்று சொல்லிப் பொறுப்பையே மறுக்க அவர்களுக்கு அடிப்படை இல்லை. எனினும், என் ரிம்முக்குப் பதில் தொழிற்சாலை ரிம்மின் விலையைத்தான் தருவோம் என்று ஒருமுறை பேரம் பேசினார்கள். வாங்கிய ரசீது இருந்ததால் பேச முடிந்தது.

20 மார்ச்

2017 நவம்பர் வெள்ளத்தை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். பினாங்கில் அந்த இரவில் மூழ்கிய கார்களில் மாற்றியமைத்ததும் உண்டு, மாற்றாததும் உண்டு. வெள்ளத்துக்கான 57ஆம் எண் எண்டோர்ஸ்மெண்ட் எடுக்காத எல்லாரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். காற்று உறிஞ்சும் குழாயை பம்பருக்குக் கீழே இறக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: முழங்கால் அளவுத் தண்ணீரே உங்கள் எஞ்சினுக்குப் போதும்.

செப்பாங் ஓட்டத் தளத்துக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: பந்தயம், வேகச் சோதனை இரண்டும் சாதாரணக் காப்புறுதியில் விலக்கு. என்ன அறிவித்திருந்தாலும் விலக்குதான்.

24 மார்ச்

மேலே உள்ள 16 ரிங்கிட் கணக்கை மீண்டும் பார்த்தேன். ஈப்போ நண்பருக்குப் பதிலாக எழுதும்போது, இவ்வளவு சிறிய தொகைக்காகவா பொய் சொல்கிறார்கள் என்ற தொனி வந்துவிட்டது. பணத்துக்காகப் பெரும்பாலோர் மறைப்பதில்லை என்பதே இப்போது என் கருத்து. ‘ஆமாம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு ஒரு விலை சொல்ல இங்கே வழியே இல்லாதபோது, ஒழுங்காக அறிவிப்பவன் சாலை வரி இல்லாமல் காரை நிறுத்தி வைக்கிறான், ‘இல்லை’ என்று போட்டவன் மறுநாள் காலை வேலைக்குப் போகிறான். யாரும் ஏற்காத வாகனங்களுக்காக 1992 முதல் எம்எம்ஐபி என்ற பொதுக் கூட்டமைப்பு இருக்கிறது. ஆனால் அதன் பெயரைச் சொல்லிக்கூட எந்த நிறுவனமும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. ஜேபிஜே ஏற்று கிரானில் ஏற்றிய மாற்றத்துக்காவது எல்லா நிறுவனங்களும் ஒரு விலை சொல்லியாக வேண்டும் என்று பேங்க் நெகாரா கட்டளையிட்டால், பாதிப் பேர் மறைப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன். மீதிப் பேர் ஹாஃப்கட் கடையில் ரசீதே வாங்காதவர்கள். அவர்களுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை.

2 ஏப்ரல்

புக்கிட் மெர்தாஜாம் நண்பர் திரும்பி வந்து, முகவரைத் தவிர்த்து நேரடியாக நிறுவனத்துக்கு எழுதியதாகவும், ரிம்மை ஏற்றுக்கொண்டதாகவும், சஸ்பென்ஷனுக்குப் படங்களும் பட்டறை ரசீதும் கேட்டிருப்பதாகவும் சொல்கிறார். நல்ல பதில்தான், கொடுத்துவிடுங்கள். ‘ஏற்றுக்கொண்டோம்’ என்பதை எண்டோர்ஸ்மெண்ட்டாக ஆவணத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதிகாரியின் மின்னஞ்சல் மட்டும் போதாது, ஏனென்றால் கோரிக்கைப் பிரிவு வேறு மாடியில் இருக்கிறது.

நாளைக்கு ஏதாவது தகராறு வந்து நிறுவனம் இறுதி மறுப்புக் கடிதம் கொடுத்தால், ஆறு மாதத்துக்குள், நிதித் தகராறுகளைத் தீர்க்கும் எஃப்எம்ஓஎஸ் அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்றிருந்தது 2025 ஜனவரி 1 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரை அவர்களின் வரம்பு.

எக்ஸாஸ்ட்டைப் பற்றி அவர்கள் ஒன்றும் எழுதவில்லை என்கிறீர்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், அதே மின்னஞ்சல் தொடரிலேயே மீண்டும் கேளுங்கள்; புதிய மின்னஞ்சல் தொடங்கினால் அது வேறோர் அதிகாரியிடம் போய், ரிம்மிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டிவரும்.